பதினாறாம் நாள் பேனரில் ஒரு மதுக்கூடம்

வலங்கைமான் கடைத்தெருவில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் உபைதுல்லாவுக்குக் கட்டலான் மொழி தெரியும். தாலுகாவில் வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்து ஆகவேண்டிய காரியமும் இல்லை. ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில் பழத்தோட்டங்களில் வாலிபத்தைக் கழித்துவிட்டு, முதுகுவலியோடும் இந்த மொழியோடும் திரும்பியவர். இரண்டில் முதுகுவலிதான் தினமும் புழக்கத்தில் இருந்தது. யாராவது "ஸ்பானிஷ்ல ஏதாவது பேசுங்க பாய்" என்றால், "அது வேற, இது வேற" என்று கோபித்துக்கொள்வார். ஒரு சொட்டு மது தொடாதவர். மதுவுக்குப் பிழியும் திராட்சையை மலைமலையாக அறுத்தவர். வீட்டில் மட்டும் ஆப்பிள் தோட்டம் என்று சொல்லியிருந்தார்.

ஐப்பசி மழைக்கு நடுவே துரைக்கண்ணுவும் மனைவி சாவித்திரியும் அவர் கடைக்கு வந்தார்கள். பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம். மகன் மதிவாணன் அதே பகுதிக்கு வேலைக்குப் போய், பெட்டியில் திரும்பி வந்திருந்தான். தொட்டி கழுவ இறங்கியவனை விஷவாயு அடித்துவிட்டதாகத் தகவல். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் துணிப்பையில் ஒரு பட அட்டை இருந்தது. உயர்ந்த வளைவுகள், வண்ணக் கண்ணாடி, கோபுரம் மாதிரி முகப்பு. பின்னால் அவன் எதுவும் எழுதவில்லை. அச்சடித்த நாலு வரிதான்.

"அவன் வேலை பார்த்த இடம் இதுதான் பாய், போன்ல காட்டியிருக்கான்," என்றார் துரைக்கண்ணு. "பெரிய சர்ச்சுன்னு ஊர்ல சொல்லி வச்சிருக்கேன். பதினாறாம் நாளுக்கு அடிக்கிற பேனர்ல இதைப் போட்டு, இந்த எழுத்தையும் தமிழ்ல போடணும். குடிச்சிட்டு விழுந்துட்டான்னு பேசுறானுங்க. வாயை அடைக்கணும்."

உபைதுல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவருடைய மொழியைத் தேடி வந்த முதல் ஆள் இவர்தான். வந்த வேலை இப்படி.

"சர்ச் இல்லண்ணே."

"அரண்மனையா?"

"இல்ல. 'இவ்வூர் விவசாயிகள் சங்கத்தின் திராட்சை மதுக்கூடம். ஆலயம் போலத் தோன்றினாலும் இங்கே வழிபாடு நடந்ததில்லை. விவசாயிகள் தாங்களே கல் சுமந்து கட்டியது. இன்றும் இயங்குகிறது.' அவ்வளவுதான்."

துரைக்கண்ணு குரலைத் தாழ்த்தினார். "அப்ப அந்தத் தொட்டி?"

"ஒயின் தொட்டி. சாறு புளிக்கறப்ப ஒரு காத்து கிளம்பும். அடியில தங்கும். இறங்குனா ரெண்டு மூச்சுதான். குடிச்சவன், குடிக்காதவன்னு பாக்காதுண்ணே."

"களஞ்சியம்னு போட்டுடலாமா? சங்கத்துக் களஞ்சியம்."

"களஞ்சியத்துல நெல்லு இருக்கும்."

"இங்க நம்ம நெல்லு எந்தக் களஞ்சியத்துல இருக்கு பாய்?"

நியாயமான கேள்வி. துரைக்கண்ணுவின் குறுவை நெல், கொள்முதல் நிலையத்து வாசலில் எடை போட ஆளில்லாமல் குவிந்து கிடந்தது.

உபைதுல்லா அசையவில்லை. பொய்யே சொல்லாதவர் என்பதல்ல, ஆப்பிள் கதை இருக்கிறதே. கற்றதற்கு முதல்முறை வேலை வரும்போதே தப்பாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

சாவித்திரி, "கடைசியா என்னமோ சொன்னீங்களே?" என்றாள்.

"இன்றும் இயங்குகிறதுன்னு."

"அவன் செத்த பெறகுமா?"

"இது முன்னாடி அடிச்ச அட்டை அக்கா." அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ஆனா ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். பழம் காத்திருக்காது."

"அப்ப உள்ளதையே போடுங்க. எம்புள்ள குடிச்சு சாவல. குடிக்கிறவனுக்குத் தொட்டி கழுவப் போயி செத்தான். நாமளே மறைச்சா, அவன் குடிச்சதா ஆயிடும்."

ஃப்ளெக்ஸ் கடை ராம்கி மதிவாணன் முகத்துக்குப் பக்கத்தில் கட்டடத்தை நிறுத்தி, வழக்கப்படி இரண்டு புறாக்களையும் பறக்கவிட்டான். கீழே அந்த நாலு வரி. முக்கூட்டுச் சாலையில் கட்டினார்கள். படித்தவர்கள் 'மதுக்கூடம்' வரை படித்துவிட்டு, "நான் அப்பவே சொல்லல?" என்றார்கள். படிக்காதவர்கள், "எவ்வளவு பெரிய சர்ச்சு பாரேன்," என்றார்கள். உபைதுல்லா கடையை அப்படியே போட்டுவிட்டுப் போய் இரண்டு தரப்புக்கும் விளக்கிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் மழை வலுத்தது. கொள்முதல் நிலையத்து நெல்லுக்குத் தார்ப்பாய் போதவில்லை. துரைக்கண்ணு பேனரை அவிழ்த்துக் கொண்டுபோய், படம் உள்பக்கம் போகும்படி நெல்லின்மேல் போர்த்தினார். சாவித்திரி அதைப் புரட்டிப் போட்டு, முனைகளில் கல் வைத்தாள். மகன் முகமும் மதுக்கூடமும் மழையில் நனைந்தன.

பேனர் சின்னது. ஓரத்து நெல் அந்த வாரமே முளைவிட்டது.