டைம் கீப்பரின் நான்கு பக்கங்கள்

பஸ் டிப்போவில் அவருக்கு ‘நிமிஷம்’ என்று பெயர். எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று வாசல் அறையில் உட்கார்ந்து எழுதும் டைம் கீப்பர் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் பதிவேட்டில் ‘சுமார்’ என்ற சொல் விழுந்ததில்லை. “சுமாரா ஆறே முக்கால்னு போடுங்கண்ணே” என்று டிரைவர்கள் கெஞ்சினால், “சம்பளமும் சுமாரா வாங்கிக்கிறியா?” என்று கேட்டுவிட்டு 6.52 என்றே எழுதுவார்.

அவருடைய தங்கை பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தது இவர்தான். அதை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. ஆனால் அவள் எழுதிய கட்டுரைகளைப் பற்றி அவர் பெருமையடிப்பதைக் கேட்காதவர் டிப்போவில் கிடையாது. வீட்டு மாடி அலமாரியில், பிளாஸ்டிக் உறைக்குள், அவற்றை வருட வரிசையில் வைத்திருந்தார். உள்ளே எழுதியிருப்பது அவருக்குப் பிடிபடாது. முதல் பக்கத்தில் இருக்கும் அவள் பெயரை மட்டும் படிப்பார்.

“அப்படி என்னதாண்ணே எழுதுது உங்க தங்கச்சி?” என்று ஒருநாள் கண்டக்டர் ஒருவர் ஜன்னலில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

“மருத்துவ இன்சூரன்ஸ் பத்தி. அவ எனக்குச் சொன்னதைச் சொல்றேன். நம்ம மாசப் பாஸையே எடுத்துக்க. எல்லாருக்கும் ஒரே விலை. யார் வாங்குவான்?”

“தினம் நாலு தடவை போறவன்.”

“நமக்கு நஷ்டம். விலையை ஏத்துவோம். அப்ப நாலு தடவை போறவன் விட்டுடுவான், எட்டு தடவை போறவன் மட்டும் வாங்குவான். இன்னும் ஏத்துவோம். கடைசில பாஸே இருக்காது. நோய்க்காரன் மட்டும் வந்து சேர்ந்தா இன்சூரன்ஸுக்கும் அதே கதிதான். அதனால நல்லா இருக்கறவனையும் சேத்து எல்லாரையும் உள்ள கொண்டு வரணும்கிறா.”

“நல்லா இருக்கறவன் எதுக்குண்ணே வரப்போறான்?”

“அது கட்டுரையோட ரெண்டாவது பாதி” என்றார் நிமிஷம், தானே எழுதியதுபோல.

அந்த ஆய்வுக்காகத் தங்கை பல குடும்பங்களிடம் ஒரு வருடத்து உடல் உபாதைகளைக் குறித்துவைக்கச் சொன்னாள். அண்ணனிடமும் சொன்னாள். மற்றவர்கள் தலைவலி, காய்ச்சல் என்று எழுதினார்கள். இவர் எழுதியது வேறு மாதிரி: ‘செவ்வாய், காலை 7.16. மாடி ஏறும்போது பதினோராவது படியில் மூச்சு வாங்கியது. 7.19க்குச் சரியானது.’

வருடம் முடிந்ததும், “உனக்கும் ஒரு பாலிசி எடுத்துக்கண்ணா” என்று அவள் நச்சரித்தாள். ஏஜென்ட் டிப்போவுக்கே படிவத்தோடு வந்தார். ஜன்னலில் சாய்ந்து கேள்வி கேட்ட அந்தக் கண்டக்டர் முதல் ஆளாக எழுதிக் கொடுத்தார். மூச்சுத்திணறல் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது.

“இல்லைன்னு ஒரு டிக் போடுங்க சார். இந்த கண்டக்டர் சார்கூட அப்படித்தான் போட்டார்.”

“இருக்குதே?”

“யாருக்கு சார் இல்ல?”

நிமிஷம் நோட்டைப் பார்த்துப் பார்த்து நான்கு பக்கம் எழுதி, படிவத்தோடு இணைத்தார். ஏஜென்ட் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது நோய் விவரமா சார், பஸ் டைம்டேபிளா?” என்றார்.

பாலிசி வந்தது. அந்த நான்கு பக்க மூச்சுத்திணறலைக் காரணம் காட்டி, இதயம் சம்பந்தப்பட்ட எதற்கும் கம்பெனி பொறுப்பாகாது என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. அதையும் அவர் படித்தார். “ஒளிவுமறைவு இல்லாம எழுதியிருக்கான்” என்று மனைவியிடம் சொல்லிப் பத்திரப்படுத்தினார். அப்போது அவருக்கு இதயம் நன்றாக இருப்பதாகவே நினைப்பு.

இரண்டு வருடம் கழித்து, இதய வால்வு கல்போல் இறுகிவிட்டது, உடனே மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். விட்டால் ஒரு வருடம் தாங்குவதே சந்தேகம். ஏற்கெனவே அடமானத்தில் இருக்கும் வீட்டை விற்று, தங்கையின் சேமிப்பைச் சேர்த்தாலும் அந்த ஆபரேஷனுக்குப் பாதி தேறாது. அதே வருடம் கண்டக்டருக்கும் நெஞ்சுவலி வந்தது, இன்சூரன்ஸ் கைகொடுத்தது, ஆறே வாரத்தில் பையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஜன்னல் பக்கம் வரவே அவருக்குக் கூச்சம். ஒருநாள் வந்து, “ஒரு டிக்குண்ணே. ஒரே ஒரு டிக்” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

தங்கை ஓடி வந்தாள். “வேற கம்பெனில போடலாம். எல்லாத்துக்கும் இல்லைன்னு நானே எழுதறேன். நான் எழுதின கட்டுரை நாசமாப் போகட்டும்.”

“இப்பத்தான் டாக்டர் சீட்டுலயே ஏறிடுச்சே. இனிமே எங்க சேந்தாலும் மூணு வருஷம் காத்திருக்கணும்னு நீதானே சொல்லிருக்க. மூணு வருஷத்துக்கு நான் எங்கம்மா போவேன்?”

கடைசியில், பல்கலைக்கழக முத்திரையோடு கம்பெனிக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினாள். உண்மையைச் சொன்னவரைத் தண்டிக்காதீர்கள், அந்த ஒரு வரியை நீக்குங்கள் என்று கேட்டாள்.

பத்தொன்பதாம் நாள், 11.25க்கு, அண்ணன் வீட்டிலேயே தங்கியிருந்த அவளிடம் தபால்காரர் பதிலைக் கொடுத்தார். மரியாதையான கடிதம். வருந்துகிறோம் என்று இரண்டு இடத்தில் இருந்தது. இப்படி விலக்கு வைக்காவிட்டால் நோயாளிகள் மட்டுமே சேர்வார்கள், ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள், காப்பீடே நிலைக்காது. இது ஆய்வில் நிறுவப்பட்டது என்று மூன்றாவது பத்தி. அதற்குச் சிறிய எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு.

படித்துக்கொண்டே வந்த தங்கை மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“முதல் பாதியை மட்டும் எடுத்துக்கிட்டாங்கண்ணா. எல்லாரையும் சேக்கணும்கிற ரெண்டாவது பாதியை விட்டுட்டாங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை வாங்கினார். விரல் அடிக்குறிப்பில் போய் நின்றது.

“இது உன் பேருதானே?”

“ஆமா.”

“பக்க நம்பர்கூடப் போட்டிருக்கான்.” அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. “கம்பெனிக்காரனே உன்னைப் படிக்கிறானா!”

“அதைக் கிழிச்சுப் போடுண்ணா.”

“உன் பேர் போட்ட காகிதத்தையா?” மடிப்புக் கலையாமல் கடிதத்தை எடுத்துக்கொண்டு, மாடி அலமாரியில் இருக்கும் உறையில் வைக்க ஏறினார்.

அவள் கீழே இருந்து படிகளை எண்ணினாள். நான்காவதில் சத்தம் நின்றது. கைப்பிடிக் கம்பி மட்டும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, “மணி என்ன?” என்ற குரல் வந்தது.

“பதினொண்ணு முப்பத்தாறு. எழுதிக்கவாண்ணா?”

“வேணாம்மா” என்றார். “யார்கிட்டக் காட்ட?”