பூண்டுப் பாத்தி ஓரத்துத் தொட்டி

“பள்ளிக்கூடம் போன புள்ள சொன்னா மீனு குளிரத் தாங்கிருமாக்கும்? வெள்ளனே வந்து பாரு, செத்து மெதக்கும்” என்றார் பெரியப்பா, நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது.

பனிக்காலம் முடிந்து, செண்பகனூரில் என் வீட்டுத் தொட்டியை மூடியிருந்த தழையை இன்று காலை விலக்கினேன். அப்போது எழுந்த பாசி வாசனை என்னை நான் வளர்ந்த பள்ளங்கிக்கே கொண்டுபோனது. அங்கே எங்கள் பூண்டுப் பாத்திகளின் ஓரத்தில், பாதி மண்ணுக்குள் இறக்கிக் கட்டிய சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. ஆழத்தில் தண்ணீர் அவ்வளவாகச் சில்லிடாது என்று, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்குப் போன நான் படித்திருந்ததால், ஓடையில் பிடித்த ஆறு மீன்களை அதில் விட்டு, தீனி எதுவும் போடாமல், கொசுப்புழுவையும் பாசியையும் தின்று வளரட்டும் என்று விட்டுவிட்டு, உறைபனி விழும் நாட்களில் மட்டும் மேலே தழை பரப்பி வைப்பேன்.

மீன்கள் குளிரைத் தாங்கின. ஆனால் பெரியப்பா, பூண்டுக்கு மருந்தடித்த ஸ்பிரேயரை வழக்கம்போல அந்தத் தொட்டியில் முக்கிக் கழுவினார். ஆறும் மிதந்தன.

“நாந்தான் சொன்னேன்ல, குளிரு.”

“குளிரில்ல பெரியப்பா, உங்க மருந்து.”

அம்மா என் வாயைப் பொத்தினாள்.

அந்தத் தோட்டம் இன்று இல்லை. சுற்றுலா விடுதிக்கு வரும் கார்கள் அங்கே நிற்கின்றன. தொட்டி எங்கிருந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அதே ஆழத்தில் நான் கட்டிய தொட்டியில், விட்ட ஆறு மீன்களும் நீந்துகின்றன. தழையை ஓரமாகப் போட்டுவிட்டு முதல் வேலையாகப் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

“நாளைக்கு வெள்ளனே வந்து பாருங்க” என்றேன்.