இலையில் உறைந்த நெய்

அன்று காலை ஒன்பதரை மணிக்கு, நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று மாதம் முன்பு கட்டிக்கொடுத்த என் மகள் எங்கள் ராஜபாளையம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் நாங்கள் கொடுத்தனுப்பிய நெய்த் தூக்குச்சட்டி. கொண்டுவந்து விட்ட வண்டிக்காரர் உள்ளே வராமலே மாட்டைத் திருப்பிவிட்டார்.

நடந்ததை அவள் அழாமல் சொன்னாள். முந்தின நாள் மாமியார் வீட்டில் விருந்து. எங்கள் நெய்யைத்தான் உருக்கிப் பரிமாறியிருக்கிறார்கள். பருப்புச் சோற்றைப் பிசைவதற்குள் அது இலையோரத்தில் வெள்ளை வெள்ளையாக உறைந்துவிட்டது. விருந்தாளி ஒருவர், இதில் மாட்டுக் கொழுப்பு கலந்திருக்கிறது என்று சொல்லி இலையை மடக்கிவிட்டு எழுந்துவிட்டார். அவர்கள் சைவக் குடும்பம். நாங்களும்தான். மாமியார் சத்தம் போடவில்லை. விடிந்ததும் தூக்கை மகள் கையில் கொடுத்தார்.

"இதுல என்னத்தச் சேத்தாகன்னு உங்கய்யாட்ட கேளு. அதுவரைக்கும் அங்கனயே இரு."

கடை நெய் அல்ல அது. எங்கள் பசுவின் பால். கடைந்து உருக்கியது என் மனைவி. ஆனாலும் பால் கறக்க வரும் பெண்ணை, வெண்ணெய் போதாதபோது கொஞ்சம் கொடுத்துதவிய பக்கத்து வீட்டை, ஒவ்வொருவராக மனத்துக்குள் நிறுத்தி விசாரித்தேன். கடைசியில் மனைவியிடமே, உருக்கும்போது அடுப்படியை விட்டு எங்காவது போனாயா என்று கேட்டேன்.

"போனேனே. கொல்லைக்குப் போயி மாட்ட அறுத்து, கொழுப்ப எடுத்தாந்து போட்டேன். தேடிப் பாருங்க" என்றாள்.

நான் பள்ளியில் சயன்ஸ் நடத்துகிறவன். கூமாப்பட்டியில் என் தம்பியின் பசு மலையடிவாரத்துப் புல்லை மேய்கிறது. அந்த நெய்யை வரவழைத்து, இரண்டையும் உருக்கி ஆறவைத்தேன். எங்கள் நெய் முதலில் மெழுகுபோல இறுகியது. தம்பி வீட்டு நெய் மணல் மணலாகக் குழைந்து கிடந்தது. சம்பந்தியம்மாவின் குற்றச்சாட்டுக்கு நானே சாட்சி தயாரித்ததுபோல் ஆயிற்று.

எந்தக் கொழுப்பும் கிளிசரினோடு அமிலங்கள் மூன்று மூன்றாகச் சேர்ந்ததுதான். குட்டைச் சங்கிலி அமிலங்கள் நெய்க்கு மணமும் இளக்கமும் தரும். நீளமானவை நெருங்கிப் படுத்துச் சீக்கிரம் இறுகும். எங்கள் நெய்யில் நீளமானவை மிகுதி. அவை வெளியிலிருந்து வந்தனவா, பசுவுக்குள்ளிருந்தே வந்தனவா? தொழுவத்துக்குப் போய்ப் பார்த்தேன். தொட்டி நிறையப் பருத்திக்கொட்டை. பஞ்சாலைகள் உள்ள ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று, கன்று போட்டதிலிருந்து அதையே ஆட்டி வைத்துக்கொண்டிருந்தோம். தம்பியின் பசு அதைக் கண்டதே இல்லை.

அதிலும் ஒரு சிக்கல். பருத்தியெண்ணெய் தண்ணீராக ஓடுவது. அதைத் தின்கிற மாடு இறுகிய நெய்யைத் தருமா? என்னிடமிருந்த புத்தகங்களில் பதில் இல்லை. புத்தகங்களையும் சந்தேகப்பட்டேன். பருத்திக்கொட்டையை நிறுத்திவிட்டுப் புல்லும் தவிடும் வைத்தோம். மாதம் முடிவதற்குள் அதே பசு, அதே கை, அதே அடுப்பில் நெய் இளகி மணத்தது. மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த எண்ணெயை இறுகும் கொழுப்பாக மாற்றிவிடுகின்றன என்று பின்னால்தான் படித்தேன். வந்து பார்க்கும்படி சம்பந்தி வீட்டுக்குச் சொல்லியனுப்பினேன். பதில் வரவில்லை. தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மகள் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்தாள். அது கடந்து போனதும் உட்கார்ந்தாள். இன்றும் சுடுசோற்றில் நெய் விழுந்தால் என் கண் இலையோரத்துக்குத்தான் போகிறது.

ஒருநாள் சம்பந்தியம்மாவே வந்தார். என் விளக்கத்தை அவர் கேட்கவில்லை. சுடுசோறு வைக்கச் சொல்லி, ஒரு பக்கம் பழைய நெய்யையும் மறுபக்கம் புதியதையும் உருக்கி ஊற்றச் சொன்னார். பழையது உறைந்தது. புதியது சோற்றுக்குள் இறங்கியது. பார்த்துவிட்டு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் கையைக் கழுவிக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார்.

"துணிமணிய எடுத்துக்கிட்டுக் கெளம்புட்டி. இனிமே நெய்ய நம்ம வீட்டுலயே உருக்கிக்கிடுவோம்."