பாதி லோடும் சின்ன அரங்கும்

1. போன் அகராதி

"கிளம்பிட்டேன்" என்று ஒரு டிரைவர் போனில் சொன்னால் அவர் இன்னும் பல் விளக்கவில்லை என்று பொருள். "வந்துட்டே இருக்கேன்" என்றால் டீ சொல்லியிருக்கிறார். "பக்கத்துல வந்துட்டேன்" என்றால் இப்போதுதான் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட அகராதி இது. சேலத்தில் இலக்கியத் திருவிழாவின் முதல் நாள் காலை ஒன்பதரை மணிக்கு, பத்து மணிக்குத் தொடக்க உரை ஆற்ற வேண்டிய எழுத்தாளர் "கிளம்பிட்டேன் சார்" என்றார். எனக்குப் பழைய ஆபீஸுக்கே திரும்பி வந்துவிட்டதுபோல் இருந்தது.

"குளிச்சாச்சுங்களா?" என்றேன்.

எதிர்முனையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஓட்டல் அறைக்கு ஆளை அனுப்பி, தலை ஈரத்தோடு அழைத்து வந்து, பத்து ஐந்துக்கு மேடையில் ஏற்றினேன். அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை.

என்னை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தது கடைவாய்ப் பல். திலகவதி டாக்டர் சேலத்தில் பல் மருத்துவர். விழாக் குழுவின் தலைவரும் அவர்தான். ஓய்வு பெற்ற இரண்டாவது மாதம் சேந்தமங்கலத்திலிருந்து பஸ் ஏறி அவரிடம் பல் பிடுங்கப் போயிருந்தேன். வாயில் பஞ்சை வைத்து, நான் பதில் பேச முடியாத நேரம் பார்த்து ஆரம்பித்தார்.

"அண்ணா, போன வருஷம் மொத நாளே ரெண்டு மணி நேரம் லேட். கவியரங்கம் ஆரம்பிக்கறப்ப கவிஞருங்களும் வாட்ச்மேனும் மட்டும்தான் இருந்தாங்க. எத்தனை லாரியை நேரத்துக்கு அனுப்பியிருக்கீங்க! எழுத்தாளரை அனுப்ப மாட்டீங்களா?"

ஊரார் பல்லையெல்லாம் பிடுங்குகிறவர். எழுத்தாளர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கத்தான் அவருக்குத் தைரியமில்லை. அந்த வேலை எனக்கு வந்தது. கழுத்தில் மாட்டிய அட்டையில் 'நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்' என்று போட்டிருந்தார்கள். "டைம் கீப்பர்னு போட்டாப் போதாதுங்களா?" என்றேன். இலக்கியத்தில் அப்படிச் சின்னதாகப் போட மாட்டார்களாம்.

2. மூன்று ரூட்

மூன்று நாள், மூன்று இடம். பெரிய அரங்கில் நானூறு நாற்காலி, சின்ன அரங்கில் அறுபது, அதுபோக வேப்பமரத்தடியில் ஜமுக்காளம். மரத்தடி குழந்தைகளுக்கு: கதை சொல்லல், முகமூடி செய்தல், பொம்மலாட்டம். பெரிய அரங்கில் பட்டிமன்றம், மொழிபெயர்ப்பாளர்களோடு உரையாடல், மாலையில் தெருக்கூத்து. சின்ன அரங்கில் நூல் வெளியீடு, கவிதை வாசிப்பு, விமர்சனம். எனக்கு இது மூன்று ரூட் ஷீட்டாகத்தான் தெரிந்தது. எந்த லோடு, எத்தனை மணிக்கு, யார் இறக்குகிறார் என்று கட்டம் போட்டு எழுதிவிட்டால் போதும், பயம் போய்விடும்.

ஆனால் மனிதர்கள் மூட்டை போலச் சும்மா கிடப்பதில்லை. முதல் நாள் மதியம் 'எழுத்தில் உணவு' என்று ஒரு நிகழ்ச்சி. கொல்லிமலையிலிருந்து வந்த இரண்டு பெண்கள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் பேசிக்கொண்டே சமைத்தார்கள். வாசனை போய்ச் சேர்ந்த ஐந்தாவது நிமிடம் பெரிய அரங்கில் பட்டிமன்றத்தின் ஒரு அணி நடுவரிடம் சொல்லாமல் எழுந்து வந்து வரிசையில் நின்றது. நடுவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தீர்ப்பை அவசரமாகச் சொல்லிவிட்டுத் தட்டோடு வந்தார்.

முதல் நாள் முடிந்தபோது எல்லாம் சேர்ந்து பதினோரு நிமிடம்தான் தாமதம். டாக்டர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, கூட்டத்தைக் கைதட்ட வைத்தார். அதில் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துவிட்டது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

3. செல்வி

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு பெண் என் மேசைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு மெல்லிய புத்தகம். எந்நேரமும் ஒரு விரல் அதற்குள்ளேயே இருந்தது. ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கு உரிக்கிறவர். பெயர் செல்வி. அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு அது. மூணேகால் மணிக்குச் சின்ன அரங்கில் அவருக்கு இருபது நிமிட வாசிப்பு.

"சார், மூணேகால்னா மூணேகால்தானே? முன்னாடியே ஆரம்பிச்சிட மாட்டீங்களே?"

"முன்னாடியெல்லாம் ஒண்ணும் ஆரம்பிக்காதும்மா."

"எங்ககூட வேலை செய்யறவங்க இருபத்திரண்டு பேரு வேன் வச்சிக்கிட்டு வராங்க. ரெண்டு மணி வரைக்கும் வேலை. அதுக்கு மேலதான் கிளம்ப முடியும். அவங்களப் பத்தித்தான் சார் எழுதியிருக்கேன். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசிச்சாத்தான் உண்டு. என்ன எழுதி வச்சிருக்கியோன்னு தினம் கேட்டு உசுர எடுக்கறாங்க."

"வரட்டும், வரட்டும்" என்றேன். காதில் வேறொரு எழுத்தாளர் "வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியம் பெரிய அரங்கில் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் மூன்று பேர். போர்வெல் போடப் போய் வடக்கே பல மாநிலங்களில் வருடக்கணக்கில் கிடந்தவர்கள். ஒரு புத்தகமும் எழுதியதில்லை. பேச ஆரம்பித்ததும் நானூறு நாற்காலியும் நிறைந்து, ஜன்னலெல்லாம் தலை.

மூன்று மணி ஐந்துக்குச் சின்ன அரங்கை எட்டிப் பார்த்தேன். ஐந்து பேர். இரண்டு பேர் செல்போனுக்குச் சார்ஜ் போட வந்தவர்கள். ஒருவர் ஏசிக்கு நேராக உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

புக்கிங் ஆபீஸில் இரண்டு சட்டம் உண்டு. பாதி லோடோடு வண்டி கிளம்பாது. அதே ரூட்டில் போகிற இன்னொரு வண்டியில் அந்தச் சரக்கைச் சேர்த்துவிட வேண்டும். இரண்டாவது, 'லோடு வந்துட்டே இருக்கு' என்று சரக்கு அனுப்புகிற பார்ட்டி சொன்னால் நம்பக்கூடாது. கண்ணால் பார்த்தால்தான் லோடு. இருபத்தொன்பது வருடம் இந்த இரண்டையும் மீறியதில்லை. கையும் யோசிக்காமல் வேலை செய்தது. சின்ன அரங்கைப் பூட்டச் சொன்னேன். நான்கு மணிக்கு அடுத்த நிகழ்ச்சி வரை ஏசி ஓட வேண்டாம். செல்வியைக் கூப்பிட்டேன்.

"அம்மா, பெரிய அரங்குலயே ரிக்காரங்க பேசி முடிச்சதும் பத்து நிமிசம் உங்களுக்கு. நானூறு பேருங்க! அதிர்ஷ்டம்னு வச்சுக்குங்க."

"அவங்க வந்துட்டே இருக்காங்க சார்."

"எல்லாரும் வந்துட்டேதாம்மா இருப்பாங்க" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

4. நேரம் கருதி

ரிக்காரர்களைக் கூட்டம் விடவே இல்லை. பாறை உடைந்து தண்ணீர் பீய்ச்சிய கதையை இரண்டாம் முறை கேட்டார்கள். மணி நான்காகிவிட்டது; மேடைக்குப் பின்னால் மொழிபெயர்ப்பாளர்கள் நான்கு பேர் வரிசையாக நிற்கிறார்கள். "நேரம் கருதி இத்துடன் நிறைவு செய்கிறோம்" என்று அறிவிக்கச் சொன்னேன். செல்வியின் பத்து நிமிடம் எனக்கு நினைவிலேயே இல்லை. அவர் முதல் வரிசையில், புத்தகத்துக்குள் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

நான்கே கால் மணிக்கு வாசல் பக்கம் போனேன். ஒரு வேன் நின்றிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து கை கால் கழுவி, புதுச் சேலை கட்டி, பூ வைத்து வந்திருந்தார்கள். சரியாக மூணேகாலுக்கே வந்துவிட்டார்களாம். சின்ன அரங்கு பூட்டியிருந்ததைப் பார்த்துத் திகைத்து நிற்க, வாட்ச்மேன், செல்வி பெரிய அரங்கில் இருப்பது தெரியாமல், மரத்தடியில் குழந்தைகளோடு உட்கார வைத்திருக்கிறார். ஒரு மணி நேரம் முகமூடி செய்திருக்கிறார்கள்.

செல்வி வேன் படியில் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, தப்பாப் போச்சுங்க. நாளைக்கு வேற நேரம்..."

"நாளைக்கு இவங்களுக்கு யாரு சார் லீவு குடுப்பா?"

கையிலிருந்த ரூட் ஷீட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"அந்தச் சின்ன ரூம்புல இப்ப யாரு பேசறாங்க?"

பெயரைச் சொன்னேன். மூத்த விமர்சகர். பெரிய பெயர்.

"எத்தனை பேரு கேக்கறாங்க?"

எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. எண்ணிவிட்டுத்தான் வந்திருந்தேன். "ஒம்போது" என்றேன்.

"அஞ்சு பேருன்னு என்னைத் தூக்கிட்டீங்க. ஒம்போது பேருன்னு அவரை ஏன் சார் தூக்கல? அவரையும் பெரிய அரங்குல கொண்டுபோய்ச் சேத்திருக்கலாமே?"

பதில் எனக்குத் தெரியும். பாதி லோடு வண்டி கிளம்பாது என்று சொன்னேனே, அது முழு உண்மை இல்லை. பெரிய மில்காரர் சரக்கு என்றால் கால் லோடோடு கூட வண்டி கிளம்பும், கிளப்பியவன் நான்தான். காத்துக் கிடந்ததும், கண்ட வண்டியில் சேர்ந்து போனதும், இறங்காமல் விட்டுப்போனதும் எப்போதும் சின்னப் பார்ட்டி சரக்குதான். அதைச் சட்டம் என்று நினைத்தே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

"வேன் எத்தன மணி வரைக்கும் நிக்கும்?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"அஞ்சுங்க. அதுக்கு மேல வேற வாடகை இருக்குது."

"யாரும் போயிராதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். என் வயசுக்கு அது ஓட்டம்தான்.

5. சீட்டு

விமர்சகருக்கு 'ஐந்து நிமிடத்தில் முடிக்கவும்' என்று சீட்டு அனுப்பினேன். படித்தார். தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் வைத்தார். தொடர்ந்து பேசினார். நானே மேடை ஏறினேன்.

"ஐயா, மன்னிக்கணும். தப்பு பூரா என்னுதுங்க. இன்னொருத்தர் நேரத்தை நான் தூக்கிட்டேன். நீங்க கொஞ்சம் உட்டுக் குடுக்கணுங்க."

"நான் இன்னும் முன்னுரையே முடிக்கலையேய்யா!"

ஒன்பது பேரில் நான்கு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்தது. அதற்குள் விஷயம் தெரிந்து திலகவதி டாக்டர் வந்துவிட்டார். என்னைக் கதவோரம் இழுத்தார்.

"அண்ணா, என்ன பண்றீங்க? அவர் யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியுங்க டாக்டரம்மா. அந்தம்மாவோட இருபது நிமிசத்தை நான் தின்னுட்டனுங்க. எங்கிருந்தாவது எடுத்துத்தானுங்க குடுக்கோணும். என்னை வேணா நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

டாக்டர் ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தார். பூ வைத்த பெண்கள் வேனுக்கு வெளியே நின்றிருந்தார்கள். பெருமூச்சு விட்டு, விமர்சகரிடம் அவரே போய்ப் பேசினார். விமர்சகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. இன்றுவரை என் வணக்கத்துக்கு அவர் பதில் வணக்கம் சொல்வதில்லை. அது எனக்கு வர வேண்டியதுதான்.

6. இருபது நிமிடம்

நான்கரை மணிக்குச் செல்வி மைக் முன்னால் நின்றார். புத்தகத்துக்குள் வைத்திருந்த விரலை எடுத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். மணிக்கட்டு வீங்கிப்போன ஒரு பெண், வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, முந்தானையால் கையை மூடிக்கொண்டே கிழங்கு உரிக்கிற கதை. கதையில் அவள் பெயர் ராசாத்தி.

"ஏய், அது நாந்தானே!" என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல். கனத்த உடம்பு, பெரிய மூக்குத்தி.

"ஆமா பாப்பாத்தியக்கா, நீதான். இரு, முடிச்சிடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். செல்வி தொடர்ந்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அந்தப் பெண் யாருக்கும் தெரியாமல் அழுதுவிட்டு வருகிற இடத்தில் கதை முடிந்தது. யாரும் கைதட்டவில்லை.

பாப்பாத்தி எழுந்தார். "நான் அழுவவே இல்ல. பொய்யி எழுதியிருக்க."

"அழுத அக்கா. தொட்டிக்கு அந்தாண்ட."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு ஏண்டி வந்து ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டிருந்தா அப்பவும் அழுவலன்னுதான சொல்லியிருப்ப?"

முகமூடி செய்த பாப்பாத்தியின் கையில் சாயம் ஒட்டியிருந்தது. அந்தக் கையாலேயே மூக்கைத் துடைத்தார்.

"சரி. எழுதினது எழுதிட்ட. ராசாத்தி யாரு நடுவுல? அடுத்த தடவ அச்சடிக்கறப்ப எம் பேரையே போடு."

செல்வி தலையாட்டினார். அப்புறம்தான் கைதட்டல். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் கண்ணில் தண்ணீர். அந்த இருபது நிமிடத்தைத்தான் பூட்டு போட்டுச் சேமிக்கப் பார்த்தேன்.

7. எண்ணிக்கை

மறுநாள் வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லவில்லை. அடுத்த வருடமும் கூப்பிட்டார். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: தலையை எண்ணுங்கள், நானும் எண்ணுகிறேன். ஆனால் எண்ணிக்கை குறைந்த நிகழ்ச்சியில் எதை நிறுத்துகிறோம், எதை நிறுத்த நமக்குக் கையே வருவதில்லை என்றும் பாருங்கள். மேடைக்கு வெளியே நம் புத்தி எப்படி என்பது அங்கே தெரிந்துவிடும்.

இந்த வருடம் சின்ன அரங்கில் நாமகிரிப்பேட்டையிலிருந்து ஒரு நர்ஸம்மா கவிதை வாசிக்க வந்திருந்தார். ஆரம்பிக்கிற நேரம் ஆகிவிட்டது. டாக்டர் என் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்.

"அண்ணா, மூணே மூணு பேருதான் இருக்காங்க. எதுலயாவது சேத்துடலாமா?"

"நீங்க போயி உக்காருங்க டாக்டரம்மா, நாலாயிரும்" என்று சொல்லி, ரூட் ஷீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். "நானும் வாரேன்."