நிறுத்தச் சொன்ன தர்சனா

அமெரிக்காவின் பார்சிப்பனி நகரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் செயற்கை நுண்ணறிவுப் பொறியாளராக இருந்தவர் தர்சனா. மருத்துவச் செலவு கேட்டு வரும் விண்ணப்பங்களைத் தரம்பிரிக்க அவரது குழு ஒரு மென்பொருள் செய்தது. ஆங்கிலம் சரியாக எழுத வராதவர்களின் விண்ணப்பங்களை அது அதிகமாக நிராகரிப்பதை அவர் கண்டுபிடித்தார். சரிசெய்யும்வரை நிறுத்திவைக்கச் சொன்னார். அடுத்த ஆட்குறைப்பில் அவருடைய வேலை போயிற்று.

பிறகு போன நேர்காணல்களில் நடந்ததை அப்படியே சொன்னார். ஒருவரும் திரும்ப அழைக்கவில்லை. கணவர் நிரோஜனுக்குப் பொறுக்கவில்லை.

"உந்தக் கதையை இனி எடுக்காதையும். டீம் பிளேயர் இல்லை எண்டுதான் நினைப்பினம்."

பிரஸ்ஸல்ஸில் இத்தகைய மென்பொருள்களை ஐரோப்பியச் சட்டப்படி சோதிக்கும் சிறு நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது, தர்சனா நடந்ததை அதில் எழுதவில்லை. ஆனால் வீடியோ நேர்காணலில் அந்த நிறுவனத்துப் பெண் ஒருவர் கேட்டார்:

"செய்து முடித்த எதையாவது நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்களா?"

தர்சனா தயங்கினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் குறிப்பெடுத்துக்கொண்டே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்.

வேலை கிடைத்தது. மின்னஞ்சலை நிரோஜன் இரண்டு முறை வாசித்தார்.

"சொல்லாதையும் எண்டு நான்தானே மறிச்சனான்" என்றார் மெல்ல. "நீர் முதல்ல பிரஸ்ஸல்ஸுக்குப் போம். மகளுக்கு இந்த வருஷ ஸ்கூல் முடிய நாங்கள் வாறம்."

வேலை போனபோது அழாத தர்சனா, அப்போது அழுதார்.