போயிட்டு வரட்டாம்

எங்கள் வீட்டில் டொச் மொழி பேசும் வாய் ஒன்றுதான் இருந்தது. அது என்னுடையது.

அப்பா ஜேர்மனிக்கு வந்து பதினெட்டு வருடமாகியிருந்தது. ஆற்றங்கரையோரத்துச் சிறிய பட்டினம் ஒன்றில், இத்தாலியர் ஒருவரின் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, அங்கேயே பீட்சாவுக்கு மாக் குழைப்பவராக உயர்ந்திருந்தார். சமையலறைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான டொச் அவரிடம் இருந்தது. ஆனால் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் யாராவது மேசைக்குப் பின்னாலிருந்து வாய் திறந்தால், பயத்தில் அப்பாவின் காது அடைத்துவிடும். அம்மா விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், படுக்கை விரிப்புகள் தோய்க்கும் பகுதியில் வேலை செய்துவிட்டு மத்தியானம் வருவார். அவர் டொச் பேசி நான் கேட்டதே இல்லை. ஆகவே பல் வைத்தியர், பள்ளிக்கூடக் கடிதம், குழாய் திருத்த வருகிறவர் எல்லாம் என் பொறுப்பு. எட்டு வயதிலேயே, தண்ணீர் ஒழுகுவது எங்கள் குற்றமல்ல, மேல்மாடிக்காரரின் குற்றம் என்று நான் வாதாடி வென்றிருக்கிறேன். அந்தப் பெருமையோடுதான் பத்து வயதை அடைந்தேன்.

யுத்தம் முடிந்த பிறகு, அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து எங்கள் ஊரான, மன்னார்த் தீவின் பேசாலைக்குத் திரும்பியிருந்தார். பாதி வீட்டுக்குக் கூரை போட்டார், படகு ஒன்று வாங்கினார், பிறகு ஞாயிறு தவறாமல் எங்களுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினார்.

"வாடா தம்பி. கடல் அப்பிடியேதான் கிடக்கு. ஆரும் எடுத்துக்கொண்டு போகேல்ல."

ஐந்தாறு ஞாயிறுகளில் அப்பா கரைந்துவிட்டார். ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது, நாங்கள் ஊருக்கே போய்விடுவோம் என்றார். அம்மாவைப் பார்த்து, "இஞ்சேர், நீ என்ன சொல்லுறாய்?" என்று கேட்டார்.

"உங்கட விருப்பம்" என்றார் அம்மா, பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டே. எங்கள் வீட்டில் அம்மாவின் பதில் எப்போதும் அதுதான்.

என்னை எவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் பெரியப்பா என்னை முன்பே விலைக்கு வாங்கியிருந்தார். மன்னாரில் கழுதைகள் றோட்டிலே சும்மா திரிகின்றன என்று அவர் சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. ஜேர்மனியில் கழுதை பார்க்க வேண்டுமென்றால் மிருகக்காட்சிச் சாலைக்குத்தான் போக வேண்டும்.

"உண்மையாத்தான் பிள்ளை. உனக்கெண்டு ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். நெத்தியில வெள்ளைப் பொட்டு. நீ வந்து பேர் வைச்சால் சரி."

அதன் பிறகு நான் வகுப்பில் கழுதைகளை மட்டுமே வரைந்தேன். என் தோழிகள் பொறாமைப்பட்டார்கள். ஆசிரியை உலகப்படத்தில் மன்னாரைத் தேடிப் பார்த்து, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே விரலை வைத்து, இங்கே எங்கேயோ இருக்கிறது என்றார். அந்த இடத்தில் கடல் மட்டும்தான் இருந்தது.

கடைசி வாரங்களில் வீடு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது. முதலில் அலுமாரி போனது, பிறகு சோபா, பிறகு என் கட்டில். பேசினால் சுவர் திருப்பிப் பேசியது. நடு அறையில், கப்பலில் போகவேண்டிய பெட்டிகள் நின்றன. அவற்றுள் எது போவது என்பதில்தான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரேயொரு தர்க்கம் நடந்தது. அப்பா எங்கள் மூவரின் குளிர் ஜக்கெட்டுகளையும் மடித்து ஒரு பெட்டியின் அடியில் வைத்தார். அம்மா அவற்றை வெளியே எடுத்தார்.

"இருக்கட்டும். எப்பவாவது தேவைப்படும்" என்றார் அப்பா.

"பேசாலையில பனியோ கொட்டப்போகுது?"

அன்று பின்னேரமே அம்மா ஜக்கெட்டுகளையும் என் புதிய பூட்சையும் பக்கத்துக் கட்டடத்துக்குப் புதிதாய் வந்திருந்த குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். பங்குனி மாதம், குளிர் இன்னும் போகவில்லை. மிச்ச நாட்களை நாங்கள் இரண்டு ஸ்வெட்டர்களை ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொண்டு நடுங்கியபடி கழித்தோம். அம்மா எதையாவது இவ்வளவு வேகமாகச் செய்து நாங்கள் கண்டதில்லை.

உணவக முதலாளி எங்களை ஒருநாள் மத்தியானம் விருந்துக்குக் கூப்பிட்டார். பதினெட்டு வருடத்தில் அப்பா அந்தக் கடையின் முன்வாசலால் போனது அன்றுதான். வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில், தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் எழுந்தார்; எங்கள் மூன்று கோப்பைகளையும் அடுக்கிக்கொண்டு உள்ளே போனார். முதலாளி ஓடிப்போய்த் தடுத்தும் கேட்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கழுவித் துடைத்து வைத்துவிட்டுத்தான் வந்தார். வந்தவருடைய கண்கள் சிவந்திருந்தன. முதலாளி அவர் தோளைப் பிடித்து நீளமாக ஏதோ சொல்ல, அப்பா என்னைப் பார்த்தார்.

"எப்ப வந்தாலும் உங்கட இடம் இருக்குமாம். நாளைக்கு வந்தாலும் சரியாம்" என்றேன்.

அப்பா முகம் மலர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா மேசை விரிப்பில் சிந்தியிருந்த பாண் துகள்களை உள்ளங்கையில் கூட்டிக்கொண்டிருந்தார்.

விமானத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நாங்கள் விசாக் கந்தோருக்குப் போனோம். நாட்டை விட்டுப் போவதானால் அங்கேயும் சொல்லிவிட்டுப் போவது ஒழுங்கு என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். கட்டை மயிரும் தடித்த கண்ணாடியுமாக ஒரு பெண் இருந்தார். அவருடைய மேசையில் சிறிய கள்ளிச்செடி ஒன்று நின்றது. நான் நடுக் கதிரையில், அப்பாவும் அம்மாவும் இரு பக்கமும்.

அந்தப் பெண் கெட்டவரல்ல. என் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோலவே சொன்னார். நீங்கள் போகலாம், ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்தால் இந்த விசா அப்படியே இருக்கும், அதற்கு மேல் தங்கினால் செத்துப்போகும். நீண்டகாலம் தங்கும் எண்ணமிருந்தால், தவணையை நீட்டித் தரும்படி இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். ஆனால் பதில் வரச் சில வாரங்கள் எடுக்கும், அதுவரை பயணத்தைப் பின்போடுவது நல்லது. இப்படிச் சொல்லி ஒரு தாளை எங்கள் பக்கம் தள்ளினார்.

சில வாரங்கள். எனக்குள் கேட்டது அது மட்டும்தான். எங்கள் வீட்டில் கட்டில் இல்லை, ஜக்கெட் இல்லை. வகுப்பில் எல்லோருக்கும் போய்வருகிறேன் என்று சொல்லி, பரிசெல்லாம் வாங்கியாகிவிட்டது. அங்கே நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு ஒரு கழுதை பெயரில்லாமல் நிற்கிறது.

அப்பா என் பக்கம் குனிந்தார். "என்னவாம் பிள்ளை?"

"போயிட்டு வரட்டாம்" என்றேன்.

முழுப் பொய்யுமல்ல. போகச் சொன்னார், வரச் சொன்னார். நடுவில் இருந்ததை மட்டும் நான் விழுங்கிவிட்டேன்.

அப்பாவுக்கு மனம் உருகிவிட்டது. எழுந்து அந்தப் பெண்ணின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "டங்கே, டங்கே" என்றார். அந்தப் பெண் சிரித்தார்; பிறகு தாளைச் சுட்டி ஏதோ கேட்க வாயெடுத்தார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை அம்மா."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தத் தாளை எடுத்து, மேசையின் விளிம்போடு நேராக்கி, கள்ளிச்செடிக்குப் பக்கத்தில் வைத்தார். எழுந்து தன் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டார். ஸ்வெட்டருக்குள் எனக்கு வியர்த்திருந்தது.

ஒன்பதாம் நாள் நாங்கள் புறப்பட்டோம்.

பேசாலையில் அப்போது எல்லோருமே எங்கேயிருந்தாவது திரும்பி வந்தவர்கள்தான். ஊர் அலுவலரான விதானையார் பதிவுக் கொப்பியோடு வந்து, எந்த முகாமிலிருந்து வந்தீர்கள் என்று கேட்டார். அப்பா ஜேர்மனி என்றார். விதானையார் கொப்பியை மேலும் கீழும் பார்த்து, அதற்கு இதிலே இடமில்லையே என்று வருத்தப்பட்டார்.

என் கழுதையைப் பெரியப்பா மறக்கவில்லை. வந்த மறுநாளே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்டத்தில் நின்ற ஒன்றைக் காட்டி, "உதுதான் உன்ர" என்றார். நெற்றியில் உண்மையாகவே வெள்ளை இருந்தது. அடுத்த கிழமை தலைமன்னார் றோட்டில் இன்னொன்றைக் காட்டி, அது நடந்து இங்கே வந்துவிட்டது என்றார். வெள்ளைப் பொட்டு எங்கே என்று கேட்டேன். "மழையில கழுவுப்பட்டுப் போச்சுது பிள்ளை" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். நான் ஒரு நாள் முழுவதும் அழுதேன். பிறகு, எல்லாக் கழுதைகளுக்கும் ஒரே பெயரை வைத்துச் சமாளித்துக்கொண்டேன்.

என்னைவிட மோசமாக ஏமாந்தவர் அப்பாதான். கடல் அப்படியேதான் இருந்தது. ஆனால் அப்பா அப்படியே இருக்கவில்லை. முதல் நாள் கடற்றொழிலுக்குப் போய், கரை மறையுமுன்னே வாந்தி எடுத்தார். இரண்டாம் நாளும் அப்படித்தான். மீனவனின் மகன், மீனவனின் தம்பி, படகின் அடியில் படுத்துக் கிடந்து கரைக்கு வந்தார். கயிறு இழுத்ததில் உள்ளங்கை கிழிந்தது. கரையோர மீன்வாடியில் இருந்தவர்கள் அவர் முன்னால் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அதுதான் அவருக்கு அதிகம் வலித்திருக்கும். எட்டு மாதம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார்.

பிறகு ஒரு பின்னேரம், பின்கட்டில் நானும் அம்மாவும் இறால் உரித்துக்கொண்டிருக்கும்போது வந்து குந்தினார்.

"இஞ்சேர், நான் ஒண்டு யோசிச்சனான். நீங்கள் ரெண்டு பேரும் இஞ்ச இருங்கோ. நான் மட்டும் ஒருக்காப் போய் ரெண்டு வருசம் நிண்டு வேலை செய்துபோட்டு வாறன். முதலாளி எப்பவும் வா எண்டவர்தானே."

அம்மா இறாலிலிருந்து கண்ணை எடுக்காமல், "கேட்டுப் பாருங்கோ" என்றார்.

அப்பா ஜேர்மனியிலிருந்த ஒரு கூட்டாளிக்குத் தொலைபேசி எடுத்தார். முற்றத்தில் நின்று பேசியவரின் குரல் மெல்ல மெல்லத் தணிந்தது. திரும்பி வந்தபோது முகம் சாம்பலாகியிருந்தது. ஆறு மாதத்தோடு விசா முடிந்துவிட்டதாம். போவதற்கு முன் ஒரு படிவம் கொடுத்திருந்தால் தப்பியிருக்குமாம்.

"அந்த மனிசி எங்களுக்குச் சொல்லேல்லையே! சிரிச்சுச் சிரிச்செல்லே போயிட்டு வாங்கோ எண்டவள்!"

என் விரலில் இறால் ஓடு குத்தி இரத்தம் வந்தது. நான் தலை நிமிரவில்லை. இப்போது கேட்பார், இப்போது என்னைக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

"அவள் சொன்னவள்தான்" என்றார் அம்மா. "பிள்ளையும் எனக்குச் சொன்னது. எனக்குத்தான் விளங்கேல்ல. பிறகு உங்களிட்டச் சொல்ல மறந்துபோனன். என்ர பிழை."

அப்பா கத்துகிற மனிதரல்ல. எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்து போனார். ஒரு மாதம் அம்மாவோடு அதிகம் பேசவில்லை. அதன் பிறகு வேறு வழியின்றிக் கடலோடு மறுபடி பழகினார். ஒருநாள் வாந்தி நின்றது. இன்றைக்கும் தொழிலுக்குப் போகிறார்.

நான் யாழ்ப்பாணம் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டபோது, உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் அந்த நாளைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பத்து வருடமாக என் நெஞ்சில் கிடந்தது. அம்மா ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்குத் தெரியும். அவள் சொன்னது முழுக்க எனக்கு விளங்கினது. ஆஸ்பத்திரியில வேலை செய்த அவ்வளவு வருசமும் நான் என்ன பாசையில கதைச்சனான் எண்டு நினைச்சாய்?"

"அப்ப ஏன் அம்மா நீங்கள் சொல்லேல்ல?"

அம்மா ஒரு சட்டையை உதறி மடித்தார். கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் அப்பா ஜேர்மனிக்குப் போனாராம். போகும்போது இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்றாராம். அம்மாவைக் கூப்பிட அவருக்கு ஏழு வருடம் எடுத்தது. அந்த ஏழு வருடத்தில் அம்மா யுத்தத்துக்குத் தப்பி மடு மாதா கோயிலுக்கு ஓடினார், திரும்பி வந்தார், மறுபடி ஓடினார். தன் தகப்பனைத் தனியாக அடக்கம் செய்தார்.

"அந்த விசா உயிரோட இருந்திருந்தால் உன்ர அப்பா திரும்பவும் போயிருப்பார். நான் திரும்பவும் வாசலைப் பாத்துக்கொண்டு இருந்திருப்பன்" என்றார். பிறகு, சவர்க்காரம் எடுத்து வைத்தாயா என்று கேட்டார்.

இறால் உரித்த அந்தப் பின்னேரத்தில் எனக்கு இதில் ஒரு சொல்லும் தெரியாது. அப்பா கடற்கரைக்கு நடந்து போன பிறகு, அம்மா என் விரலைத் தண்ணீரில் கழுவி, பழைய சீலைத் துண்டால் சுற்றிக் கட்டினார். முடிச்சு விழாமல் இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினார். அது அப்பாவின் கோபத்துக்குப் பயந்த தடுமாற்றம் என்று நினைத்தேன். பாவம் அம்மா, டொச் தெரியாதவர், என் பிழையையும் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று இரங்கினேன். அன்றைக்குத் தப்பியது நான் ஒருத்திதான் என்றே நம்பினேன்.