கத்தரிக்காய்க்கு வாங்கிய கத்தி

கத்தரிக்காய் விற்கிறவனுக்கு மடக்குக்கத்தி எதற்கு என்று கேட்பவர்கள், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒருநாள் மூட்டையோடு வந்து நின்று பார்க்க வேண்டும். கன்னிவாடிக்குப் பக்கத்தில் எனக்குக் கத்தரித் தோட்டம். மூட்டையை மண்டியில் இறக்கியதும் வியாபாரியின் ஆள் வருவான். சாக்கைப் பிரித்து, ஓட்டை விழுந்த காயாகவே பொறுக்கி, சின்ன மடக்குக்கத்தியால் கீறி, உள்ளே நெளியும் புழுவைச் சுற்றி நிற்பவர்களுக்குக் காட்டுவான். "பூரா சொத்தைங்க" என்பான். அதற்குப் பிறகு அவன் சொன்னதுதான் விலை. இறக்கிய மூட்டையை விளைவித்தவன் தொடக் கூடாது என்பது அங்கே யாரும் எழுதி வைக்காத சட்டம். மருந்தடித்து மூச்சு முட்டியவன் நான்; நான்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அவன் சொத்தையை வெட்டிக் காட்டினால் நான் நல்ல காயை வெட்டிக் காட்டுகிறேன் என்று ஒருநாள் முடிவு செய்தேன். என் காய்க்கு நானே பேசாமல் வேறு எவன் பேசுவான்?

திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் பாய் சில கத்திகளை எடுத்து வைத்தார். சிவப்புப் பிடி போட்டது விரல் நீளம்தான். ஆனால் நகத்தை விட்டு நெம்பித் திறக்க வேண்டும். மண் கிளறுகிறவனுக்கு ஏது நகம்? வழுக்கிக்கொண்டே இருந்தது. மரப்பிடி போட்டது பார்க்க லட்சணம், அழுத்தினால் மடங்கி விரலைப் பதம் பார்க்க வந்தது. கடைசியாக இரும்புப் பிடி போட்ட நீளமான கத்தி. கட்டைவிரலால் தள்ளினால் டக்கென்று திறந்து அசையாமல் நின்றது. பனியில் நனைந்த கையாலும் திறக்கலாம்.

"காய் நறுக்க இம்புட்டு நீளம் எதுக்குண்ணே?" என்றார் பாய்.

"சின்னது எங் கைக்கு வாகா இல்ல பாய்" என்று சொல்லி அதையே வாங்கினேன்.

அடுத்த முறை மண்டியில் அந்த ஆள் வழக்கம்போல் சொத்தையைக் கீறிக் காட்டிக்கொண்டிருந்தான். நான் மூட்டையில் கைவிட்டு வழவழப்பான ஒரு காயை எடுத்தேன். கத்தியைத் தள்ளினேன். அந்தச் சத்தத்துக்குச் சுற்றி நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

"ஏனுங்க, மண்டிக்குள்ள கத்தி எடுக்கறீங்க?" என்றான் அவன், தன் கையில் கத்தியை வைத்துக்கொண்டே.

"காயத்தான்யா வெட்டுறேன், உள்ள பாரு" என்றேன். சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவது போலிருக்கும் என் குரல். அன்று சாதாரணமாகவும் பேசவில்லை. காயின் உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது, ஒரு புழு இல்லை. யார் பார்த்தார்கள்? எல்லார் கண்ணும் கத்தி மேல்.

மண்டிக்காரர் வந்தார். அவன் கையில் இருந்தால் தொழில் சாமான், என் கையில் இருந்தால் ஆயுதம். "இனிமே நீங்க வராதீங்க. உங்க மச்சான அனுப்புங்க, அவரு தன்மையான மனுசன்" என்றார். என் மனைவியின் அண்ணனை அவருக்கு முன்பே தெரியும். அன்று என் சரக்கை யாரும் கேட்கவில்லை. திரும்பக் கொண்டுவந்து மாட்டுக்குக் கொட்டினேன்.

இப்போது மச்சான்தான் கொண்டு போகிறார். அதே தோட்டம், அதே காய், அதே புழு. வேனில் ஏற்றிவிடுவதோடு என் வேலை முடிந்தது. போன வாரம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "எம் மூட்டைய இப்பல்லாம் எவனும் பிரிச்சே பாக்குறதில்ல மாப்ள. நம்ம பேருக்கு அம்புட்டு மருவாத."

எம் மூட்டையாம். நான் என் மனைவியைப் பார்த்தேன். விடியற்காலையில் என்னோடு குனிந்து அந்தக் காயைப் பறித்தவள், அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

"எங்கண்ணன் காயின்னா சும்மாவா" என்றாள்.